முப்பத்தாறு மாத்திரை

உக்காரு பாப்பா. எவ்வளவு நேரம் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பே? தஞ்சாவூர் போவ இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் ஆவும். நான் ஏறுனதுலேருந்து இந்த சீட்டு காலியாத்தான் கிடக்கு. மூணு பேரு வந்தாங்க, குனிஞ்சு என் காலைப் பாத்தாங்க, பாத்துட்டு அப்படியே முன்னால போயிட்டாங்க. ஒட்டிக்காது, உக்காரு. இது தொட்டா வர்ற வியாதி இல்லே. கொசுக்கடியில வர்றது. ஆங், அப்படி. பையை மடியில வச்சுக்க.

நல்லாவே பாரேன். ஓரக்கண்ணால பாத்தா கழுத்து சுளுக்கிக்கும். இடது காலு மட்டுந்தான். வலது காலு உன் காலு மாதிரிதான் இருக்கு. இருபத்தாறு வருஷம் ஆச்சு இதோட. இதைத் தூக்கிக்கிட்டுத்தான் சோறு ஆக்குனேன், பாத்திரம் தேய்ச்சேன், புள்ளையை வளத்தேன். இதே மாதிரி ஒரு காலு என் ஓரகத்திக்கும் வரணும்னு ஆறு மாசம் காத்துக் கிடந்தேன். மொகத்தை ஏன் அப்படி வச்சுக்கிறே? உள்ளதைச் சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு அப்பறம் என்னைத் திட்டு.

என் பேரு செங்கமலம். எங்க வீட்டுல வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுவா இருந்தாலும் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் அண்டா, குண்டான், தாம்பாளம், கரண்டி எங்க வீட்டுலேருந்துதான் போவும். போறப்ப பளபளன்னு போவும். வர்றப்ப? சாம்பாரு காஞ்சு, பாயசம் புளிச்சு, அடி புடிச்ச சோத்தோட வந்து எறங்கும். அதையெல்லாம் தேய்க்கிறது யாரு? அந்த வீட்டுக்கு வாக்கப்பட்ட ரெண்டு மருமவளுங்க. மூத்தவ நான். எளையவ தையல்நாயகி. தையலுன்னு கூப்புடுவோம்.

கொல்லையில கெணத்தடி. அதை ஒட்டி சாக்கடை. கழுவுன தண்ணி எங்கயும் ஓடாது, அங்கயே நின்னு நாறும். பொழுது சாஞ்சா போதும், கொசு அடை அடையாக் கெளம்பும். நாங்க ரெண்டு பேரும் பொடவையை முழங்காலுக்கு மேல வரிஞ்சு கட்டிக்கிட்டு அந்தத் தண்ணியில நின்னுதான் தேய்ப்போம். ஒரே தண்ணி, ஒரே கொசு, ஒரே சோறு. எனக்கு மட்டும் காலு வீங்கிச்சு. அவளுக்கு வரல. இதுதான் கதை. மத்ததெல்லாம் இதுலேருந்து வந்ததுதான்.

அவ கல்யாணமாயி வந்து ஒரு வருஷம் இருக்கும். எனக்குத் திடீர்னு குளிர்காய்ச்சல். தொடை இடுக்குல நெறி கட்டி, காலு செவந்து, போர்வை மேல போர்வையாப் போத்தினாலும் நடுக்கம் நிக்காது. அஞ்சு நாள்ல சரியாப் போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும். அப்பறம் மறுபடியும். ஒவ்வொரு தடவை காய்ச்சல் வடியிறப்பயும் காலு மட்டும் முழுசா வடியாது. நான் நடுங்கிக்கிட்டு கெடக்கறப்ப என் மவனைத் தூக்கிக்கிட்டுப் போயி அவதான் குளிப்பாட்டி சோறு ஊட்டுவா. எம்புள்ளையை எங்கிட்டேருந்து பிரிக்கிறதுக்கு அப்பவே அடி போட்டா பாரு. இன்னைக்கும் திருப்பூர்லேருந்து அவன் போன் பண்ணா, "சின்னம்மா எங்க?"ன்னுதான் மொதல்ல கேப்பான்.

வெரல் வீங்குனதும் மெட்டி சதையில புதைஞ்சுபோச்சு. பத்தரு வந்து ரம்பம் வச்சு அறுத்தாரு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், எங்க மாமியா நிலைப்படியில நின்னுக்கிட்டு, "புருசன் இருக்கறப்ப மெட்டி இல்லாத காலை எங்கண்ணால பாக்க முடியாது"ங்குறா. பாக்க முடியலன்னா கண்ணை மூடிக்க வேண்டியதுதானே? என்னைக் கொல்லைப்பக்கம் பாத்திரம் அடுக்குற ரூமுக்கு மாத்திட்டா. வாசல்ல கோலம் போடக்கூடாது, நல்லது கெட்டதுக்கு முன்னால நிக்கக்கூடாது. பாத்திரம் மட்டும் தேய்க்கலாம். அண்டாவுக்கு காலைப் பத்திக் கவலை இல்லே.

இதையெல்லாம்கூட விட்டுருவேன் பாப்பா. ஒண்ணை மட்டும் விடமாட்டேன். அறுத்தெடுத்த என் மெட்டியை அந்தக் கெழவி அழிச்சு, தையலுக்கு மெட்டி பண்ணிப் போட்டா. என் மெட்டி! எங்கப்பா மாயவரத்துல வாங்கின வெள்ளி. தையலு ரெண்டு நாளு அதைப் போடாம சாமி மாடத்துல வச்சிருந்தா. மாமியா அதட்டினதும் போட்டுக்கிட்டா. அந்த ரெண்டு நாளு என்னா நடிப்பு தெரியுமா! மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு, சோறு எறங்காத மாதிரி. அப்பறம் தெனம் அதைப் போட்டுக்கிட்டு எம்முன்னாலயே டக்கு டக்குன்னு நடந்தாளே, அப்ப எங்க போச்சு அந்த மொகம்?

மாமியா செத்து ஒம்போது வருஷம் ஆச்சு. செத்தவளை என்னா பண்ண முடியும்? படத்துக்குப் பூ போட்டுட்டு நாலு வார்த்தை திட்டலாம், அவ்வளவுதான். உசுரோட இருக்கறவ இவதான். அதனால இவகிட்டதான் தீத்துக்கணும்னு இருந்தேன்.

வருஷா வருஷம் நர்சம்மா வீடு வீடா வந்து யானைக்கால் மாத்திரை குடுப்பாங்கல்ல, உங்க பக்கமும் குடுப்பாங்களா? ஆளுக்கு மூணு சின்ன மாத்திரை, ஒரு பெரிய மாத்திரை. வீங்கினவங்க வீங்காதவங்க எல்லாரும் போட்டுக்கணும்பாங்க. எங்க வீட்டுல அப்ப பெரியவங்க அஞ்சு பேரு. அஞ்சு மூணு பதினஞ்சு. எங்க மாமியா அத்தனையும் வாங்கி வச்சுக்கிட்டு, நர்சம்மா தலை மறைஞ்சதும், "நம்ம வீட்டுல சீக்காளி ஒருத்திதானே, மத்தவங்களுக்கு எதுக்கு?"ன்னு எல்லாத்தையும் எங்கிட்ட குடுத்துடுவா. தெனம் மூணு மூணா முழுங்குவேன். தலை சுத்தும், குமட்டும், கண்ணு இருட்டிக்கிட்டு வரும். ஊரே அப்படித்தான் பண்ணுது, எங்க வீடு மட்டும் இல்லே. காலு வீங்கினவ ஒருத்தி கெடைச்சா போதும், தெருவுல பாதி மாத்திரை அவ வாயில.

மாமியா போனப்பறம் ஆம்பளைங்க ரெண்டு பேரும் அவங்கவங்க மாத்திரையைக் கூரையில சொருகிடுவாங்க. தையலு மட்டும் விடமாட்டா. தன்னோட மாத்திரையை வாழை எலைக் கிழிசல்ல மடிச்சு எடுத்துக்கிட்டு கொல்லைப்பக்கம் வருவா. "அக்கா, இதையும் போட்டுக்கக்கா." வருஷா வருஷம். நீதான் சீக்காளி, நான் இல்லேன்னு குத்திக்காட்டுறதுக்கு அவ கண்டுபுடிச்ச வழி. நான் வாங்கி அவ எதுக்கவே முழுங்கிட்டு, டம்ளரை டங்குன்னு வைப்பேன்.

போன ஆடி மாசம் ஒரு டாக்டரம்மா வந்தாங்க, தஞ்சாவூர்லேருந்து. நாப்பது வயசு இருக்கும், கண்ணாடி போட்டுக்கிட்டு, சாக்கடைப் பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டாங்க. நம்ம ஆஸ்பத்திரி டாக்டருங்க மாதிரி மூக்கைப் பொத்திக்கல. ஆராய்ச்சி பண்றாங்களாம். "ஒரே வீட்டுல ஒரே கொசு கடிச்சும் சிலருக்கு வருது, சிலருக்கு வரல. ஏன்னு பாக்கணும்மா"ன்னாங்க. நான் இருபத்தாறு வருஷமா கேக்குற கேள்வி! அவங்க காலுல விழலாம்னு தோணிச்சு. ராத்திரி ஒம்போது மணிக்கு மேலதான் ரத்தம் எடுக்கணுமாம். அந்தப் புழுக்குட்டி பகல்ல உள்ள பதுங்கிக் கிடந்துட்டு, கொசு வர்ற நேரம் பாத்து மேல வருமாம். என்னா சாமர்த்தியம் பாரு. வீட்டுல நாலு பேருக்கும் எடுத்துக்கிட்டுப் போனாங்க.

ஆவணியில திரும்பி வந்தாங்க. தையலும் கொழுந்தனும் மன்னார்குடிக்குக் கல்யாணப் பாத்திரத்தோட போயிருந்தாங்க. எங்க வீட்டுக்காரருதான் இருந்தாரு. டாக்டரம்மா அவருக்குக் கைகுடுத்தாங்க பாப்பா, நெசமா! மொத்தத் தெருவுலயும் இவரு ரத்தந்தான் அதிசயமாம். அம்பது வருஷம் சட்டையில்லாம கொல்லையில படுத்த மனுசன், கணக்கில்லாம கடி வாங்கியிருக்காரு, ஆனா புழுவும் இல்லே, புழு வந்து தங்குன தடயமும் இல்லே. "இவரு ஒடம்பு புழுவை உள்ள வந்ததுமே அழிச்சிடுதுன்னு நெனைக்கிறோம். அது எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா நாளைக்கு எல்லாரையும் காப்பாத்தலாம்"னாங்க. இன்னும் ரெண்டு குப்பி ரத்தம் எடுத்துக்கிட்டாங்க. வீட்டுல ஒரு துரும்பைக் கிள்ளி அந்தண்டை போடாத மனுசன், அவரு ரத்தம் மட்டும் ராப்பகலா வேலை செய்யிதாம்! மீசையை முறுக்கிக்கிட்டு டீக்கடைக்கு சொல்லப் போயிட்டாரு.

அப்பறந்தான் டாக்டரம்மா எம்பக்கம் திரும்புனாங்க. "உங்க ரத்தத்துல ஒரு புழுகூட இல்லம்மா"ன்னாங்க. எனக்குப் புரியல. "இல்லேன்னா இது என்னா?"ன்னு காலைக் காட்டுனேன். அவங்க நிதானமா சொன்னாங்க. உங்க ஒடம்பு புழுவை விடவே இல்லே, அடி அடின்னு அடிச்சிருக்கு. அந்த சண்டையில காலுல நிணநீர் ஓடுற கொழாயெல்லாம் கெட்டுப்போயி அடைச்சுக்கிச்சு. வீக்கம் அதனாலதான் நிக்குது. இனிமே இந்த மாத்திரை இதை வத்த வைக்காது, காலை நல்லா கழுவி, புண்ணு வராமப் பாத்துக்கங்க, அதுதான் வைத்தியம்னு சொன்னாங்க.

கேட்டியா? நான் சண்டை போட்டு ஜெயிச்சவ! இருபத்தாறு வருஷமா சீக்காளி சீக்காளின்னு ஒதுக்கி வச்சீங்களேடா பாவிகளா, ஜெயிச்சவளை! அன்னைக்கு மாமியா மட்டும் உசுரோட இருந்திருந்தா, அவ மூஞ்சிக்கு நேரா இந்தக் காலைத் தூக்கி வச்சிருப்பேன்.

"அப்ப தையலு?"ன்னு கேட்டேன். டாக்டரம்மா மொகம் கொஞ்சம் மாறிச்சு. "அவங்க ரத்தத்துலதான் நெறைய இருக்கு. வெளியில ஒண்ணும் தெரியாது. அவங்க ஒடம்பு புழுவோட சண்டையே போடல, இருந்துட்டுப் போன்னு விட்டுருச்சு. ஆனா எப்பவும் அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது. என்னைக்கு வேணாலும் காலுல எறங்கலாம். இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா நல்லது"ன்னாங்க. அதோட இன்னொண்ணும் சொன்னாங்க. அவ ரத்தத்தைக் குடிக்கிற கொசுதான் புழுவை வெளியில கொண்டுபோவுமாம்.

எனக்கு அப்படியே உச்சந்தலையில ஏறிச்சு. அப்ப எங்காலை வீங்க வச்சதே அவதான்! அவளைக் கடிச்ச கொசுதான் என்னைக் கடிச்சிருக்கு! அதைச் சொன்னேன். டாக்டரம்மா, "அவங்க எந்த ஊரு?"ன்னு கேட்டாங்க. "புதுக்கோட்டைக்கு அந்தாண்டை, தண்ணியே இல்லாத காடு"ன்னேன். "அங்க இந்த நோய் கெடையாதேம்மா. நீங்கதான் ரெண்டு வருஷம் முன்னாடியே இங்க வந்திருக்கீங்க. வீங்கறதுக்கு முன்னால உங்க ரத்தத்துலயும் புழு இருந்திருக்கும். உங்ககிட்டேருந்தும் அவங்களுக்குப் போயிருக்கலாம். யாருகிட்டேருந்து யாருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது"ன்னாங்க. அவங்க படிச்சவங்கதான், இல்லேங்கல. ஆனா எங்க குடும்பத்தைப் பத்தி அவங்களுக்கு என்னா தெரியும்? நான் அதைக் காதுல வாங்கிக்கல.

போறப்ப ஒரு கவரைக் கையில குடுத்தாங்க. உள்ள முப்பத்தாறு மாத்திரை. தெனம் மூணு, பன்னெண்டு நாளு. "உங்க ஓரகத்தி வந்ததும் குடுத்து, சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க. புழு சாகறப்ப காய்ச்சல் வரும், பயப்பட வேண்டாம்னு சொல்லிடுங்க. சொல்லிடுவீங்கல்ல?"ன்னாங்க. "சொல்லிடறேம்மா, என் தங்கச்சிதானே"ன்னேன். எம்வாயால சொன்னேன்.

அவ வந்தா. அண்டாவை எறக்கிப் போட்டுட்டு, "ரத்தம் பாத்தவங்க வந்தாங்களாமே, என்னா சொன்னாங்கக்கா?"ன்னு கேட்டா. "ஒண்ணும் இல்லையாம்"னுட்டேன். "உனக்கு?" "எனக்கு இருக்கறதுதான் தெரியுதே"ன்னேன். அவ எம்பக்கத்துல உக்காந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சா.

கவரு என் ரூம்ல அரிசி டின்னுக்குப் பின்னால இருந்துச்சு. சாக்கடையில கொட்டிருக்கலாம். மனசு வரல. மருந்தாச்சே. அத்தோட, டாக்டரம்மா வத்தாதுன்னு சொன்னாலும், யாரு கண்டா? ஒருவேளை வத்திடுச்சுன்னா? பன்னெண்டு நாளும் நானே முழுங்கினேன். சிரிக்காதே. இருபத்தாறு வருஷம் இந்தக் காலோட இருந்துட்டு அப்பறம் சிரி. பதிமூணாம் நாள் காலையில நூலு வச்சு அளந்து பாத்தேன். ஒரு நூல்கூடக் கொறையல.

அப்பறம் என் வேலையெல்லாம் அவ காலைப் பாக்கறதுதான். காலையில எந்திரிச்சதும் சாமி படத்தைப் பாக்க மாட்டேன், அவ காலைத்தான் பாப்பேன். நிலைப்படி தாண்டுறப்ப மெட்டி எறுகுதா, கணுக்கால் எலும்பு தெரியுதா, கொலுசு மேல ஏறி நிக்கிதா. புரட்டாசி போச்சு, ஐப்பசி போச்சு. கார்த்திகையில ஒரு நாளு, சொன்னா நம்ப மாட்டே, வீங்கிச்சு! நெசமாவே வீங்கிச்சு! நொண்டிக்கிட்டு வந்தா. எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு ரெண்டு தோசை கூடப் போட்டுச் சாப்பிட்டேன். வெளியில மட்டும் "அய்யய்யோ, என்னாடி ஆச்சு?"ன்னு கேட்டேன். "குண்டான் காலுல விழுந்துடுச்சுக்கா"ன்னா. நாலாம் நாள் வடிஞ்சு போச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குண்டானைத் தூக்கி நானே இன்னொரு தரம் போட்டிருப்பேன்.

மார்கழி, தை. ஒண்ணும் ஆவல. அவ ஒடம்புக்கு ரோஷமே கெடையாது பாப்பா. புழுவுக்கே எடம் குடுத்துட்டு சிரிச்சுக்கிட்டு இருக்கற ஒடம்பு.

மாசி பொறந்ததும் டாக்டரம்மா மறுபடியும் வந்தாங்க, மறுபடியும் ராத்திரியில ரத்தம். இந்தத் தடவை அங்கயே மைக்ராஸ்கோப்பு கொண்டாந்திருந்தாங்க. மறுநாள் காலையில பஞ்சாயத்து ஆபீசு வெராண்டாவுல மேசை போட்டு, தெரு சனம் பூரா நிக்குது. தையலு ரத்தத்தைப் பாத்ததும் டாக்டரம்மா நிமிந்து உக்காந்துட்டாங்க. "எண்ணிக்கை கொறையவே இல்லையே? பன்னெண்டு நாளும் மாத்திரை போட்டீங்கல்ல?"ன்னு அவளைப் பாத்துக் கேட்டாங்க.

இப்படி நேருக்கு நேரு கேப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்லே. எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு. கொழுந்தன் நிக்கிறாரு. மாடி வீட்டு மீனாட்சி நிக்கிறா, அவ காதுல விழுந்தா மைக்கு வச்ச மாதிரி. தையலு டாக்டரம்மாவைப் பாத்தா. அப்பறம் மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தா. எம்மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்திருக்கும் போல. அவ புரிஞ்சுக்கிட்டா. ஒரு மூச்சு விடற நேரந்தான். அதுக்குள்ள எல்லாம் புரிஞ்சுக்கிட்டா.

"போட்டேன் டாக்டரம்மா. அக்காதான் தெனம் கையில எடுத்துக் குடுத்தாங்க. ஒரு நாளுகூட விடல"ன்னா.

பொய்! பச்சைப் பொய்! அத்தனை பேரு முன்னால கண்ணு சிமிட்டாம சொல்றா! டாக்டரம்மா யோசிச்சுட்டு, "அப்ப உங்களுக்கு இந்த மருந்து வேலை செய்யல. இதை இப்ப மறுபடி குடுக்க வேண்டாம். ரத்தத்தை அனுப்பிப் பாத்துட்டு சொல்றேன், கொஞ்ச மாசம் ஆவும்"னு எழுதிக்கிட்டாங்க. அவ தலையை ஆட்டிட்டு வந்துட்டா.

வீட்டுக்கு வந்து கெணத்தடியில நிக்கிறேன். இப்பக் கேப்பா, இப்பக் கேப்பான்னு நிக்கிறேன். அவ கேட்டா நானும் கேப்பேன்ல, மெட்டியைக் கேப்பேன், எல்லாத்தையும் கேப்பேன். இருபத்தாறு வருஷமா நாக்கு நுனியில வச்சிருக்கேன் ஒவ்வொண்ணா. அவ சாம்பலை எடுத்துத் தாம்பாளம் தேய்க்க ஆரம்பிச்சுட்டா. எனக்குத்தான் பொறுக்கல.

"ஏண்டி பொய் சொன்னே?"

"பின்ன என்னாக்கா சொல்றது? அத்தனை பேரு முன்னால உன்னைக் கேப்பாங்க."

"கேக்கட்டுமே! நான் என்னா பயந்தவளா?"

அவ தாம்பாளத்தைக் கீழ வச்சா. "நீ போட்டுக்கிட்டியாக்கா அதை?"

நான் குனிஞ்சு ஒரு குண்டானை எடுத்தேன்.

"கொஞ்சமாவது வத்துச்சா?"ன்னு கேட்டா.

கேட்டியா பாப்பா? திட்டல. அடிக்கல. ஏண்டி பாவி இப்படிப் பண்ணேன்னு கேக்கல. வத்துச்சாங்குறா! அதோட விட்டாளா? "நானும் வருஷா வருஷம் என்னோடதை உனக்குத்தானே குடுத்தேன். ஒரு வருஷமாவது வத்தாதான்னுதான்." இப்படிச் சொல்லிட்டு என் காலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. கண்ணு கலங்கியிருக்கு. என் காலுக்கு அழுவறதுக்கு அவ யாரு?

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! ஆறு மாசத்துல அப்படி ஒரு நாளும் வரல. மன்னிக்கிறாளாம்! என்னை! அவகிட்ட நான் மன்னிப்பு கேட்டேனா? கேக்காதப்ப எப்படிக் குடுக்கறா? மூணு நாளா எனக்கு சோறு எறங்கல. அவ வந்து தட்டை வச்சுட்டுப் போறா, நான் தொடல. நான் என்னா பண்ணாலும் இவ ஒரு படி மேல ஏறி நின்னுக்கிறா. இந்தத் தடவை நிக்க விடமாட்டேன்.

அதான் இன்னைக்கு யாருகிட்டயும் சொல்லாம கெளம்பிட்டேன். நேரா அந்த டாக்டரம்மா ஆபீசுதான். உள்ள போயி சொல்லப் போறேன். அம்மா, தையல்நாயகி உங்ககிட்ட சொன்னது பொய். ஒரு மாத்திரைகூட அவ தொண்டையில எறங்கல. அவ புழுவுக்கு உங்க மருந்து கேக்கலன்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிங்க. மருந்து அத்தனையும் எவ வயித்துக்குள்ள போச்சுன்னா, இதோ நிக்கிறேனே, என் வயித்துக்குள்ள. என்னைப் பத்தி என்னா வேணாலும் எழுதிக்கட்டும். போலீசைக் கூப்புட்டாலும் கூப்புடட்டும். அவ பொய் சொன்னவன்னு தெரியணும், எனக்கு அது போதும். நல்லவன்னு பேரு வாங்கிக்கிட்டு என் தலை மேல உக்காந்திருக்க விடமாட்டேன்.

இன்னொரு முப்பத்தாறு மாத்திரை வாங்காம அங்கேருந்து எந்திரிக்க மாட்டேன். இந்தத் தடவை எவளும் எவ மாத்திரையையும் முழுங்கப் போறதில்லே. அவ எதுக்க நிப்பேன். சோத்தைப் போட்டு, தண்ணியை ஊத்தி, மூணையும் வாயில போட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டுடின்னு பாப்பேன். பன்னெண்டு நாளும். "அக்கா, உனக்கு ஒண்ணு"ன்னு எலையில மடிச்சு நீட்டுனா, அந்தக் கையிலயே ஒண்ணு போடுவேன். காய்ச்சல் வருமாம். வரட்டும், நல்லா நடுங்கட்டும். ராத்திரியெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருப்பேன், போர்வையைப் போத்திட்டு. ஒரு புழு மிச்சம் இருக்கக்கூடாது அவ ஒடம்புல.

என்னா அப்படிப் பாக்குறே? அவ மேல பாசம்னு நெனைக்கிறியா? அய்ய! உனக்கு ஒண்ணும் தெரியல பாப்பா, சின்னப் பொண்ணு நீ. அவ காலு வீங்கக்கூடாது. அது அப்படியே எலும்பு தெரிய, அழகா இருக்கணும் கடைசி வரைக்கும். வீங்கிடுச்சுன்னா நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி கெணத்தடியில நிப்போம், அவளும் கொல்லைப்பக்கம் ரூமுக்கே வந்துடுவா. அப்பறம் அவளை நான் எப்படித் திட்டுறது?